முகத்துவாரத்தில் ஒரு கணக்குப்பிள்ளை

லைட்ஹவுஸ் குப்பத்திலும் பக்கத்துக் குப்பங்களிலும் மீன் வண்டி ஓட்டும் தம்பிகளுக்கு,

பொன்னேரிப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் உங்கள் மெக்கானிக் அண்ணன் எழுதுவது. நேரில் சொன்னால் பாதியைக் கேட்டுவிட்டு, "சரிண்ணே, லோடு நிக்குது" என்று சாவியைத் திருகிவிடுவீர்கள். அதனால்தான் எழுத்தில். ஏலம் விடும் இடத்தில் ஒட்டி வையுங்கள், டீக்கடையில் யாராவது சத்தமாகப் படியுங்கள், உங்கள் இஷ்டம்.

போன மாதம் ஒரு விடியற்காலை, நாலரை மணி இருக்கும், உங்களில் ஒருவர் போன் செய்தார். பழவேற்காட்டைத் தாண்டித் திருப்பாலைவனம் வருவதற்குள் வண்டி இழுவையை விட்டுவிட்டது. மூன்றாம் கியரில் நாற்பதைத் தாண்டவில்லை. பின்னால் இறாலும், காலைக் கட்டிய பச்சை நண்டும். ஐஸ் உருகிக்கொண்டிருக்கிறது. சென்னையில் வியாபாரி பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். டேஷ்போர்டில் இன்ஜின் விளக்கு மஞ்சளாக எரிகிறது. "ஏர் ஃப்ளோ சென்சார்தாண்ணே. போன வருஷம் ரெண்டு தடவை மாத்தியாச்சு, இப்ப மூணாவது" என்றார் தம்பி. இரண்டு சென்சாருக்குக் கொடுத்த காசில் வலையாவது வாங்கியிருக்கலாம்.

வண்டியைக் கட்டி இழுத்து வந்து பார்த்தேன். இரண்டாவதாக மாட்டிய சென்சார் ஒழுங்காகவே வேலை செய்தது. சென்சாருக்கும் டர்போவுக்கும் நடுவில் உள்ள மடிப்பு ரப்பர் ஹோஸின் அடிப்பக்கத்தில், கிளாம்ப் உரசும் இடத்தில், விரல் நீளத்துக்கு ஒரு கிழிசல். வண்டி சும்மா நிற்கும்போது அது வாயை மூடிக்கொள்கிறது. லோடோடு ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இன்ஜின் ஒரு பக்கம் சாய்கிறது, ஹோஸ் இழுபடுகிறது, கிழிசல் வாயைத் திறக்கிறது. சென்சாரை மாற்றிய இரண்டு தடவையும் அந்த ஹோஸைக் கழற்றித்தானே மாட்டியிருப்பார்கள்? மாட்டும்போது கொஞ்சம் திரும்பி உட்கார்ந்து, கொஞ்ச நாள் சமர்த்தாக இருந்திருக்கும். "சென்சார் மாத்தினதும் சரியாயிடுச்சு" என்ற நம்பிக்கை அப்படிப் பிறந்ததுதான்.

கிழிந்தது ஹோஸ், அடி வாங்கியது சென்சார். ஏன் இப்படி ஆகிறது என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முகத்துவாரத்தைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் அந்த வாயை மணல் மூடினால் என்ன ஆகும் என்று உங்கள் வீட்டுச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். படகு கடலுக்குப் போகாது, இறால் குஞ்சு ஏரிக்குள் வராது. இன்ஜினுக்கும் ஒரு முகத்துவாரம் உண்டு. ஏர் ஃபில்டர் டப்பாவைத் தாண்டியதும் வரும் குழாய்தான் அது. இன்ஜின் குடிக்கும் காற்று முழுவதும் அந்த ஒரு வாய் வழியாகத்தான் போக வேண்டும். அங்கே ஒரு கணக்குப்பிள்ளையை நிறுத்தி, "நொடிக்கு எத்தனை கிராம் காற்று உள்ளே போகுதுன்னு எழுதிக்கிட்டே இரு" என்று சொல்லியிருக்கிறார்கள். அவர்தான் ஏர் ஃப்ளோ சென்சார். அவர் எழுதும் கணக்கைப் பார்த்துத்தான் இசிஎம் என்கிற முதலாளி டீசலை அளந்து விடுகிறார்.

காற்றைத் தராசில் நிறுக்க முடியாது. பிறகு எப்படி எடை தெரிகிறது? கொதிக்கக் கொதிக்க டீயை வாங்கி, வாடை அடிக்கும் நாளில் கடைக்கு வெளியே பலகையில் வையுங்கள். நாலு வார்த்தை பேசுவதற்குள் ஆறிவிடும். கடைக்குள்ளே வைத்தால் மெதுவாக ஆறும். ஆறுகிற வேகமே காற்று எவ்வளவு என்று சொல்லிவிடும். இப்போது அந்த டீயை ஆறவே விடாமல், அடியில் அடுப்பு வைத்து ஒரே சூட்டில் நிறுத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். காற்று கூடினால் விறகு கூடச் செலவாகும், காற்று அடங்கினால் குறையும். விறகுக் கணக்கை எழுதி வைத்தால் அதுவே காற்றுக் கணக்கு. சென்சாருக்குள் டீக்குப் பதில் ஒரு மெல்லிய கம்பி, விறகுக்குப் பதில் மின்சாரம். உள்ளே வரும் காற்றைவிட ஒரு குறிப்பிட்ட அளவு அதிகச் சூட்டில் கம்பியை வைத்திருக்க எவ்வளவு கரண்ட் செலவாகிறது என்று பார்த்துக் கணக்கு சொல்கிறது.

1914ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் எல். வி. கிங் என்பவர் இதற்குச் சூத்திரம் எழுதினார். சூடான கம்பி காற்றில் எவ்வளவு சூட்டை இழக்கும் என்பது அவர் கேள்வி. அதில் நமக்கு வேண்டிய சேதி ஒன்றுதான்: காற்று நான்கு மடங்கானால் சூட்டிழப்பு ஏறத்தாழ இரண்டு மடங்குதான் ஆகும். அதனால் சென்சாரின் வோல்ட்டேஜ், காற்று குறைவாக இருக்கும்போது விறுவிறுவென ஏறும், காற்று கூடக்கூடச் சோம்பலாக ஏறும். மீட்டரில் சின்ன வித்தியாசம், காற்றில் பெரிய வித்தியாசம். கம்பியில் படிந்த ஒரு பூச்சு அழுக்குக்கு இன்ஜின் இந்தப் பாடு படுவதற்கு இதுவும் காரணம்.

கார்களில் இது வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியின் பாஷ் கம்பெனி 1970களில் முதலில் ஒரு கதவு வைத்தது. காற்று தள்ளத் தள்ளத் திறக்கும் சின்னக் கதவு, எவ்வளவு திறந்தது என்பதே கணக்கு. 1980களின் தொடக்கத்தில் கதவு போய் கம்பி வந்தது. 70 மைக்ரான் பிளாட்டினம் கம்பி, அதாவது நம் தலைமுடி அளவு. வண்டியை அணைத்ததும் ஒரு நொடி அந்தக் கம்பியை 1000 டிகிரிக்கு மேல் சுட்டு, படிந்த அழுக்கை எரித்துவிடும் ஏற்பாடும் அதில் இருந்தது. இப்போது உங்கள் வண்டிகளில் இருப்பது அதற்கும் அடுத்தது. கம்பி கிடையாது, சின்ன சிப்பின் மேல் பூசிய படலம். ஹாட் ஃபிலிம் என்பார்கள். நடுவில் சூடு, அதற்கு முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என வெப்பம் பார்க்கும் இரண்டு புள்ளிகள். காற்று அசையாவிட்டால் இரண்டும் ஒரே சூடு. காற்று உள்ளே ஓடினால் முன்புள்ளி குளிரும், பின்புள்ளி சுடும். திரும்பி ஓடினால் தலைகீழ். முகத்துவாரத்தில் நின்றுகொண்டு, தண்ணீர் ஏறுகிறதா வடிகிறதா என்று பார்த்ததும் சொல்கிறீர்களே, அதே வேலை. ஆனால் இந்த வகை தன்னைத் தானே சுட்டுச் சுத்தம் செய்துகொள்ளாது. அழுக்கு படிந்தால் படிந்ததுதான்.

கதவை ஏன் விட்டார்கள் என்றால், கதவு சொல்வது காற்றின் பருமனை, எடையை அல்ல. டீசல் எரிவது ஆக்ஸிஜனின் எடையைப் பொறுத்தது. மார்கழி விடியலில் 22 டிகிரி, கத்திரி வெயில் மதியம் 42 டிகிரி என்று வைத்துக்கொண்டால், அதே ஒரு படிக் காற்றில் எடை ஏறத்தாழ 6 சதவீதம் குறைந்துவிடும். ஐஸ் உருகிய நண்டுக் கூடையைத் தண்ணீரோடு நிறுத்தால் வியாபாரி ஒப்புக்கொள்வாரா? இசிஎம்மும் அப்படித்தான், நிகர எடை கேட்கிறது.

இனி ஒரு கேள்வி. உங்கள் வண்டியில் இந்தச் சென்சார் இருக்கிறதா? சிரிக்காதீர்கள். 2005ல் வந்த முதல் டாடா ஏஸ், நம் ஊரில் குட்டி யானை என்கிறோமே, அதில் இருந்தது மெக்கானிக்கல் பம்ப் வைத்த இரண்டு சிலிண்டர் டீசல். கணக்குப்பிள்ளை கிடையாது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் டீசல் போகும், காற்று போதாவிட்டால் கரும்புகையாகத் துப்பும், அவ்வளவுதான். பைபர் படகில் ஓடும் ஒற்றை சிலிண்டர் டீசலும் அப்படியே. பெட்ரோலிலும் சிஎன்ஜியிலும் ஓடும் சின்ன வண்டிகள் பலவற்றில் காற்றை நேரடியாக அளப்பதே இல்லை. மேனிஃபோல்டின் அழுத்தத்தை மேப் சென்சாரால் பார்த்து, சூட்டையும் இன்ஜின் சுற்றையும் சேர்த்து, இவ்வளவு காற்று போயிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளும். அப்படிப்பட்ட வண்டிக்கு யாராவது ஏர் ஃப்ளோ சென்சார் மாற்றச் சொன்னால், முதலில் அது எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். ஒருவர் ஏர் ஃபில்டர் டப்பாவையே காட்டினாராம். காமன் ரயில் டீசல் பிக்கப் வைத்திருப்பவர்கள்தான் கவனமாகக் கேட்க வேண்டும். 2020 ஏப்ரல் 1ல் பிஎஸ் 6 வந்த பிறகு புகைக் கட்டுப்பாடு இறுகிவிட்டதால், காற்றுக் கணக்கு தப்பினால் இந்த வண்டிகள் சட்டென்று கோபித்துக்கொள்ளும்.

"பழைய வண்டிதாண்ணே நல்ல வண்டி" என்று சொல்லும் கூட்டத்தில் நான் இல்லை. படகு இன்ஜினைக் காதால் கேட்டே நாசில் அடைப்பா, வால்வு இடைவெளியா என்று சொல்லும் பெரியவர்கள் உங்கள் குப்பத்தில் இருக்கிறார்கள். அவர்கள் காலில் விழலாம். ஆனால் அந்த இன்ஜின்கள் துப்பிய புகையைத் தினமும் குடித்தவர்களும் அவர்கள்தான்.

டீசல் வண்டியில் இந்தக் கணக்கு இரண்டு வேலைக்கு. உள்ளே வந்த காற்றுக்கு மேல் டீசல் ஊற்றாமல் பார்த்துக்கொள்வது ஒன்று. எரிந்த புகையில் எவ்வளவைத் திரும்ப உள்ளே விடலாம் என்று தீர்மானிப்பது இன்னொன்று. அதனால் கணக்குப்பிள்ளை குறைத்து எழுதினால், "காற்று இல்லை, டீசலைக் குறை" என்று இசிஎம் கையைக் கட்டிவிடும். வண்டி இழுக்காது, புகையும் வராது. கூட்டி எழுதினால் புகை வரும். உங்கள் வண்டி இழுவை விட்டபோது புகை வந்ததா, வரவில்லையா? பட்டறைக்கு வந்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான். பாதிப் பேருக்குப் பதில் தெரிவதில்லை. கண்ணாடியில் பின்னால் பாருங்கள் தம்பிகளே.

கிழிந்த ஹோஸுக்கு வருவோம். முகத்துவாரத்தில் கணக்குப்பிள்ளை நிற்கிறார். அவருக்குத் தெரியாமல் தெற்கே ஒரு கல் தள்ளிக் கடல் கரையை அறுத்துக்கொண்டு இன்னொரு வாய் திறந்துவிட்டால் அவர் கணக்கில் அது வருமா? சென்சாருக்கும் டர்போவுக்கும் நடுவில் கிழிந்தால் நடப்பது இதுதான். திருட்டு வழியில் காற்று போகிறது, கணக்கில் குறைவு விழுகிறது, இசிஎம் டீசலைக் குறைக்கிறது. டர்போவுக்குப் பிறகு, இன்டர்கூலர் பக்கம் கிழிந்தால் கதை மாறும். கணக்கில் ஏறிய காற்று இன்ஜினுக்குப் போகாமல் வெளியே பீறிடும். கணக்கு நிறைய, காற்று குறைய, கரும்புகை. அந்தப் பக்கக் கிழிசலைக் கண்டுபிடிப்பது சுலபம். ஹோஸின் வெளியே கறுப்பாக எண்ணெய் ஈரம் பூத்திருக்கும், மிதித்தால் உஸ்ஸென்று சத்தம் வரும். முதல் வகை சத்தம் போடாது. விளக்கு வைத்து, ஹோஸை வளைத்து, மடிப்பு மடிப்பாக விரித்துப் பார்த்தால்தான் தெரியும்.

ஸ்கேனர் போட்டதும் வரும் கோடு பற்றி ஒரு வார்த்தை. பி0101 என்று வந்தால் காற்றுக் கணக்கு நம்பும்படி இல்லை, பி0102 என்றால் சிக்னல் தாழ்ந்திருக்கிறது, பி0103 என்றால் உயர்ந்திருக்கிறது என்று பொருள். சென்சார் செத்தது என்று எந்தக் கோடும் சொல்லவில்லை. இருட்டில் திரும்பும்போது லைட்ஹவுஸ் வெளிச்சம் "கரை இங்கே" என்று சொல்லும். படகு எந்தத் திட்டில் தட்டியது, அடியில் எங்கே ஓட்டை என்று அது சொல்லுமா? அந்த விளக்கின் பெயரையே ஊர்ப் பெயராக வைத்திருக்கும் நீங்கள் கோடைப் பார்த்ததும் பாகம் மாற்றலாமா?

நம் கரையில் இந்தச் சென்சாருக்கு எதிரிகள் அதிகம். மணல் ஒன்று. காட்டுப்பள்ளிச் சாலையில் கடல் சீறும் நாளில் அலை கொண்டுவந்து கொட்டும் மணலில் நீங்கள் வண்டி ஓட்டுகிறீர்கள். காய்ந்ததும் அது முன்னால் போகும் வண்டியின் சக்கரத்திலிருந்து உங்கள் ஃபில்டருக்குத்தான் வருகிறது. ஃபில்டர் மூடி சரியாக உட்காராவிட்டால் நேராகச் சென்சாரில் அடிக்கும். உப்பு இன்னொன்று. பகலில் ஃபில்டர் காகிதத்தில் ஒட்டும் உப்பு, இரவில் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரக் காகிதம் காற்றை விடாது, நைந்த காகிதத்தின் நார் உள்ளே பறக்கும். இதைவிட மோசம் உங்கள் சொந்தத் தண்ணீர். ஐஸ் பெட்டியிலிருந்து ஒழுகும் மீன் தண்ணீர் சேஸிஸ் வழியாக ஓடி, வயரிங் முழுவதும் உப்புப் பூசுகிறது. கப்ளரைக் கழற்றினால் உள்ளே பின்னில் பச்சையாகக் களிம்பு. நான் பார்த்த "சென்சார் கம்ப்ளைண்ட்" வண்டிகளில் எத்தனையோ இந்தக் களிம்பைச் சுரண்டியதும் சரியாகிப் போயின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழைக்குப் பிறகு வந்த வண்டிகளைக் கேட்கவே வேண்டாம். ஃபில்டர் டப்பாவில் தவளை இருந்தது.

சோதனைக்கு ஒரு முறை இருக்கிறது. ஏரியில் உங்கள் பாடு முறை எப்படி? யாருக்கு எந்த இடம், எந்த நாள் என்று சீட்டுப் போட்டுத் தீர்மானித்துவிட்டால், முறை வராமல் ஒருவர் வலையை இறக்க முடியாது. சென்சார் மாற்றுவதற்கும் பாடு உண்டு. அது கடைசிப் பாடு.

முதல் பாடு கண்ணுக்கு. ஃபில்டர், டப்பா மூடி, ஹோஸ், கிளாம்ப், எலி கடித்த வயர். காசு செலவில்லை, நீங்களே பார்க்கலாம். அடுத்தது கப்ளர். பூட்டு உடையாமல் இருக்கிறதா, பின் பச்சையாக இல்லையா, வயரை லேசாக ஆட்டினால் இன்ஜின் சத்தம் மாறுகிறதா. மாறினால் தேடியது கிடைத்துவிட்டது.

பிறகுதான் மல்டிமீட்டர். பொதுவாகச் சென்சாருக்கு 12 வோல்ட் சப்ளை ஒன்று, எர்த் ஒன்று, சிக்னல் ஒன்று, பல வகைகளில் 5 வோல்ட் ரெஃபரன்ஸும் காற்றுச் சூடு சொல்லும் வயரும் உண்டு. எந்தப் பின் எது என்பது வண்டிக்கு வண்டி மாறும், வயரிங் படம் இல்லாமல் குத்தாதீர்கள். இங்கே ஒரு ஏமாற்று வேலை நடக்கும். கப்ளரைக் கழற்றி வைத்து அளந்தால் 12 வோல்ட் அழகாகக் காட்டும். களிம்பு தின்று ஒற்றை நரம்பில் தொங்கும் வயரும் சும்மா இருக்கும்போது 12 வோல்ட் காட்டும், சுமை வந்தால்தான் சாயும். ஆகவே கப்ளர் மாட்டியிருக்க, இன்ஜின் ஓட, பின்பக்கமாக அளக்க வேண்டும். எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் மீட்டரை வையுங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தில் களிம்பு இருக்கிறது. எர்த் கெட்டால் கணக்குப்பிள்ளை உட்காரும் திண்ணையே சாய்ந்துவிட்டது என்று அர்த்தம், அவர் எழுதும் எல்லாக் கணக்கும் அந்தச் சாய்வோடுதான் வரும்.

சிக்னல் இரண்டு வகை. பரவலாக இருந்த பழைய பாஷ் ஹாட் ஃபிலிமில், சாவி போட்டு இன்ஜின் ஓடாமல் இருக்கும்போது 1 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். காற்றே இல்லாதபோது கணக்கு கூடுதலாக நின்றால் அழுக்கோ, எர்த்தோ, சிப்போ. ஸ்டார்ட் செய்ததும் ஏறும், ரேஸ் செய்தால் 4 வோல்ட்டை நெருங்கும், நடுவில் தொங்காமல் ஏறி இறங்க வேண்டும். புது வகைகள் பல வோல்ட்டேஜாகச் சொல்வதில்லை, துடிப்பாகச் சொல்லும். மீட்டரை ஹெர்ட்ஸில் வைக்க வேண்டும். இது தெரியாமல் வோல்ட்டில் வைத்துப் பார்த்து, "அசையவே இல்ல, போச்சு" என்று நல்ல சென்சாரைத் தூக்கிப் போட்டவர்களை எனக்குத் தெரியும். சின்ன வயதில் நானும் ஒன்றைப் போட்டிருக்கிறேன்.

ஸ்கேனர் இருந்தால் கணக்கைக் கணக்காலேயே சோதிக்கலாம். டீசல் வண்டிகளில் ஒரு சிலிண்டர் ஒரு தடவை குடிக்கும் காற்றை மில்லிகிராமில் காட்டும். உங்கள் இன்ஜின் 2500 சிசி, நாலு சிலிண்டர் என்றால் ஒன்றுக்கு 625 சிசி. காற்று ஒரு சிசிக்கு ஏறத்தாழ 1.2 மில்லிகிராம். பெருக்கினால் 750. டர்போ அழுத்தம் இல்லாத ஐட்லிங்கில் இதற்குக் கொஞ்சம் கீழே, 600க்கும் 700க்கும் நடுவில் வந்தால் கணக்குப்பிள்ளை யோக்கியர். 350 காட்டினால்?

இங்கேதான் நிறையப் பேர் வழுக்கி விழுகிறார்கள். 350 காட்டியதும் "சென்சார் குறைச்சுக் காட்டுது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆரணி ஆற்றில் வெள்ளம் வந்து ஏரி நிரம்பியிருக்கும் நாளை நினைத்துப் பாருங்கள். உள்ளே ஏற்கெனவே தண்ணீர் தளும்பும்போது முகத்துவாரம் வழியாகக் கடல் தண்ணீர் எவ்வளவு ஏறும்? கொஞ்சம்தான். கணக்குப்பிள்ளை கொஞ்சம் என்று எழுதினால் அது பொய்யில்லை. இன்ஜினில் அந்த ஆறுதான் இஜிஆர். எரிந்த புகையில் ஒரு பகுதியைத் திரும்பச் சிலிண்டருக்குள் விடும் வால்வு. கரி பிடித்து அது திறந்தபடியே மாட்டிக்கொண்டால் சிலிண்டரில் பாதி புகை. புதுக் காற்றுக்கு இடமேது? சென்சார் உண்மையைச் சொல்கிறது, உண்மை பேசியதற்குத் தண்டனையாக அதைக் கழற்றி எறிகிறோம்.

ஆகவே இஜிஆர் வால்வு முழுக்க மூடியிருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு அளக்க வேண்டும். ஸ்கேனரில் மூடச் சொல்லி மூடுகிறதா என்று பார்க்கலாம். சந்தேகம் இருந்தால் பட்டறையில் சோதனைக்காகக் கொஞ்ச நேரம் தகடு வைத்து அடைத்துப் பார்ப்போம். கணக்கு 350லிருந்து 650க்குத் தாவினால் சென்சார் நல்லது, வால்வைக் கழற்றிக் கரியைச் சுரண்ட வேண்டியதுதான். அடைத்தும் 350லேயே நின்றால், ஃபில்டரும் ஹோஸும் வயரும் சரி என்றால், அப்போது சென்சாரைச் சந்தேகிக்கலாம். அந்தத் தகட்டை நிரந்தரமாக விட்டுவிடச் சொல்லிக் கேட்பவர்களும் உண்டு. மாட்டேன்.

"கப்ளரைக் கழட்டிட்டு ஓட்டிப் பாரு, நல்லா ஓடுச்சுன்னா சென்சார் போச்சு" என்று ஒரு வைத்தியம் நம் சாலையெங்கும் உலவுகிறது. பெட்ரோல் வண்டிக்கு அதில் பாதி உண்மை இருக்கிறது. சென்சார் இல்லாவிட்டால் இசிஎம் தன் மனக்கணக்கில் ஓட்டும், பொய்க் கணக்கைவிட மனக்கணக்கு மேலாக இருக்கலாம். டீசலில் இந்த வைத்தியம் ஏமாற்றும். கப்ளரைக் கழற்றினால் பல வண்டிகளில் இசிஎம் பாதுகாப்புக்காக இஜிஆரையே மூடிவிடும். வண்டி நன்றாக ஓடியது சென்சார் போனதாலா, வால்வு மூடியதாலா? அந்த வைத்தியத்தால் பிரித்துச் சொல்ல முடியாது.

பெட்ரோல் வண்டிக்காரர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். அங்கே இசிஎம், ஆக்ஸிஜன் சென்சாரைப் பார்த்து 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்ற கணக்கில் திருத்திக்கொண்டே இருக்கும். அந்தத் திருத்தத்தை ஃபியூயல் ட்ரிம் என்று ஸ்கேனர் காட்டும். ஐட்லிங்கில் நிறையக் கூட்டி, 2500 சுற்றில் சாதுவாகிவிட்டால் எங்கோ காற்று ஒழுக்கு. ஐட்லிங்கில் சாதுவாக இருந்து, மிதிக்க மிதிக்கக் கூட்டினால் சென்சாரில் அழுக்கு, அல்லது பெட்ரோல் பம்ப் சோர்ந்துவிட்டது.

அழுக்கு என்று தெரிந்தால் கழுவலாம். ஏர் ஃப்ளோ சென்சாருக்கென்றே ஸ்ப்ரே விற்கிறது, அதை மட்டும். சாவியை எடுத்துவிட்டு, இன்ஜின் ஆறிய பிறகு கழற்றி, கொஞ்சம் தள்ளிப் பிடித்து அடித்து, நிழலில் தானாகக் காய விடுங்கள். கார்புரேட்டர் கிளீனர் வேண்டாம், அது பிளாஸ்டிக்கையும் பூச்சையும் தின்னும். பெட்ரோலில் முக்க வேண்டாம், பல்துலக்கும் பிரஷ் வேண்டாம், காது குடையும் பஞ்சு வேண்டாம். கம்ப்ரஸரில் ஏர் அடிப்பது எல்லாவற்றிலும் கேடு. டயருக்கு அடிக்கும் காற்று அந்தச் சிப்பை ஒரே அடியில் பெயர்த்துவிடும். போன தீபாவளிக்கு முன்னால் ஒரு தம்பி, "நல்லா ஏர் அடிச்சுத் தொடச்சு எடுத்துட்டு வந்திருக்கேண்ணே" என்று பெருமையாகக் கொடுத்தார். வாங்கிப் பார்த்துவிட்டு அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். வேறென்ன செய்வது?

கழுவியும் தேறாவிட்டால் மாற்றுங்கள். மாற்றும்போது உங்கள் சென்சாரின் மேல் அச்சடித்திருக்கும் பார்ட் நம்பரைப் பார்த்து வாங்குங்கள். கப்ளர் பொருந்துகிறது என்பதற்காக இன்னொரு வண்டியின் சென்சாரை மாட்டினால், படியில் அளக்க வேண்டியதை மரக்காலில் அளந்த கதையாகிவிடும். பாதி விலையில் கிடைக்கும் டூப்ளிகேட்டைப் பற்றி நான் சண்டை போட விரும்பவில்லை. அதை மாட்டி ஐட்லிங் கணக்கையும், மேட்டில் லோடோடு ஏறும்போது வரும் கணக்கையும் பழையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள், உங்களுக்கே தெரியும்.

ஒப்பிடுவதற்குப் பழைய கணக்கு வேண்டுமே. அதற்குத்தான் இத்தனை நீளம் எழுதினேன். வண்டி கெட்ட பிறகு எல்லோரும் வருகிறீர்கள். நல்ல நிலையில் அது எவ்வளவு காட்டியது என்று உங்களில் ஒருவருக்கும் தெரியாது, அதனால் எனக்கும் தெரிவதில்லை. ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், மார்க்கெட் ஓட்டம் குறையும், உங்களுக்கும் ஒரு மதியமாவது ஓய்வு கிடைக்கும். அந்த நாளில் வண்டியைக் கொண்டுவாருங்கள். ஃபில்டரைப் பார்த்து, கப்ளரைத் துடைத்து, எர்த்தை அளந்து, இன்ஜின் சூடான பிறகு ஐட்லிங்கில் ஒன்று, 2500 சுற்றில் ஒன்று, முழு மிதியில் ஒன்று என்று மூன்று கணக்கு எடுத்துத் தருகிறேன். ஆர்சி புத்தகத்தோடு ஒரு நாற்பது பக்க நோட்டை வைத்து அதில் எழுதிக்கொள்ளுங்கள். அதற்குக் காசு வாங்க மாட்டேன், யாராவது நாலு மடவை கொண்டுவந்தால் வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன்.

வரும்போது ஐஸ் பெட்டியை இறக்கி, வண்டியின் அடியை நல்ல தண்ணீரில் கழுவிவிட்டு வாருங்கள். போன தடவை குனிந்து வேலை பார்த்ததில், மூன்று நாள் பூனைகள் என் பின்னாலேயே வந்தன.

அன்புடன்,
உங்கள் மெக்கானிக் அண்ணன்